எண்ணெய்ப் பீப்பாவுக்குப் பின்னால் ஒரு மாணவன்

பல்கலைக்கழகக்காரர் எங்கள் வேலைத்தலத்துக்கு வந்தது எங்களை வீட்டுக்கு அனுப்பத்தான் என்று சத்தியமாக நம்பியவன் நான். எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சின்களைப் பார்க்கிற வேலை எனக்கு. நிர்வாகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து எங்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைத்தார்கள்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, கழுத்துப்பட்டி கட்டிய துரைமார் வந்து, "என்ன வேலை தெரியும்?" என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகுதான் ஆட்களை நிறுத்தினார்கள். வகுப்பெடுக்க வந்த இந்த விரிவுரையாளரும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அதே கேள்வியைக் கேட்டார். அதுவும் அன்பாக!

வகுப்பில் பகிடி விட்டே காலம் தள்ளினேன். கடைசிக் கிழமை சோதனை என்றதும் பகிடி வற்றிப்போனது. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

"பெயிலானா என்ன செய்வாங்கள்?" என்று என்னோடு வகுப்பில் இருந்த கிண்ணியா ஊர்க் கூட்டாளியிடம் கேட்டேன்.

"உன்னை நிப்பாட்டிப்போட்டு, அந்தச் சம்பளத்தில படிப்பிக்கிற சேருக்கு இருக்க ஒரு கதிரை வாங்குவாங்க மச்சான்."

அவன் சிரித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சோதனையன்று மனைவி திருநீறு பூசி அனுப்பினாள். நான் வகுப்புக்குப் போகவில்லை. சோதனை எழுதாதவனைப் பெயில் என்று சொல்ல ஏலாதே! என்ன மூளை! துறையில் கட்டிக் கிடந்த இழுவைப் படகின் எஞ்சின் அறைக்குள் இறங்கி, எண்ணெய்ப் பீப்பாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேல்தளத்தில் காலடிச் சத்தம். முழு வகுப்புமே வந்திருந்தது. சோதனை எழுத்தில் இல்லையாம். எஞ்சினைக் காட்டிக் கேள்வி கேட்பார்களாம். அதற்கும் இந்தப் படகுதான் கிடைத்தது.

ஏணியில் இறங்கிய விரிவுரையாளர் என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன, எல்லாருக்கும் முதலே வந்திட்டீங்கள்?"

"ஓம் சேர்," என்றேன், குந்தியபடியே.

"அப்ப உங்களிலயே தொடங்குவம்."

கூட்டாளி வாயைப் பொத்திக்கொண்டான். எத்தனையோ தரம் நானே கழற்றிப் பூட்டிய பம்பைக் காட்டி, இது என்ன செய்யும் என்று கேட்டார். அவருடைய கழுத்துப்பட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"அது... நல்லா வேலை செய்யும் சேர்."

பெயில்.

திங்கட்கிழமை மேலதிகாரி கூப்பிட்டார். என் கருவிகளையெல்லாம் துடைத்து, ஒப்படைக்கக் கொண்டுபோனேன்.

"இதுகளை ஏன் காவிக்கொண்டு வந்தனீர்? உம்மை அடுத்த வகுப்பிலயும் போட்டிருக்கு. இந்த முறையாவது முன் வாங்கில இரும்."

இப்போதும் கழுத்துப்பட்டியைக் கண்டால் ஒளிய ஒரு பீப்பாவைத்தான் என் கண் முதலில் தேடும். ஆனால் அந்த வகுப்பால் எங்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. நான் இரண்டாம் முறை படித்துச் சித்தியடைந்தேன்.