சாமித்தட்டுக்குக் கீழே கரகரத்த அம்ப்ளிஃபையர்

கொழும்பில், கடலோர வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பழைய அம்ப்ளிஃபையர் சாமித்தட்டுக்குக் கீழேதான் இருந்தது. காலையில் தேவாரம் போட்டு வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று இரையும்.

"கடல் காத்துதான்," என்பார் கணவர். மூடியைக் கழற்றாமலே காற்றுத் துளை வழியாகத் துப்புரவு ஸ்பிரே அடிப்பார்.

போன வருஷம் ஒருநாள் பிளக்கைக் கழற்றிவிட்டு நானே மூடியைத் திறந்தேன். சாமி விளக்கிலிருந்து சிந்திய எண்ணெயும் திருநீறும் துளைகளால் இறங்கி, வால்யூம் கொன்ட்ரோலில் களியாக அப்பியிருந்தன. அதில் கரப்பான்பூச்சிகள் ஒட்டிச் செத்திருந்தன. கரன்ட் வயர் பொருத்தும் இடம் வரை எண்ணெய்.

"நெருப்புப் பத்தியிருந்தால்?"

"அதுதான் பத்தேல்லையே," என்றார்.

கொன்ட்ரோலை மாற்றி, அம்ப்ளிஃபையரை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோய்விட்டேன். இப்போது மாதாமாதம் மூடியைக் கழற்றித் துடைப்பது நான்தான். தேவாரம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இத்தனை காலமும் அது எதற்குள்ளால் வந்தது என்று நினைத்தால் தேத்தண்ணீர் இறங்குவதில்லை.