கடைசிப் பொத்தானில் பிரித்த சட்டை

ஒரு சட்டையை வெட்டித் தைத்து மடித்து வைக்க என் அண்ணிக்கு ஒன்றரை மணி நேரம் போதும். வீட்டு முன்னறைதான் கடை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நான் அந்த அறைக்குள் வந்தேன். காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் என் வேலை. அளவு கொடுக்க யாராவது வந்தால் துணிக் குவியலுக்குப் பின்னால் போய்விடுவேன். அதனால் அண்ணி எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

"வாயைத் திறக்க மாட்டா. ஆனா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருப்பா, ஜாக்கிரதை," என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

என் தையல் கோணினால் திட்டமாட்டார். "பிரி," என்பார். முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தைக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் நான் தொழில் கற்றேன்.

ஒரு நாள் மேசை விளிம்பிலிருந்து இஸ்திரிப் பெட்டி சரிந்தது. கீழே, வேலைக்கான நேர்காணலுக்குப் போட ஒருவர் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டை. அண்ணி இடது கையை நீட்டிப் பெட்டியைப் பிடித்துவிட்டார். சட்டை தப்பியது. அண்ணியின் உள்ளங்கையும் விரல்களும் வெந்துபோயின.

ஒருநாள் விட்டு ஒருநாள் மருத்துவமனையில் கட்டு மாற்ற வேண்டும். புண்ணோடு ஒட்டியிருக்கும் துணியை நனைத்து நனைத்து எடுப்பார்கள். முதல் நாள் அண்ணி போட்ட சத்தத்தில், வெளியே வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். கூடப் போயிருந்த அண்ணன் மயங்கி விழுந்தார். அடுத்த முறையிலிருந்து நான் போனேன்.

"சும்மா நிக்காதம்மா. ஏதாவது பேச்சுக் குடு. அவங்க கவனம் இங்க இருக்கக் கூடாது," என்றார் சிஸ்டர்.

எனக்குப் பேச என்ன தெரியும்? "அண்ணி, சட்டை எப்படித் தைக்கணும்? காலர்ல இருந்து சொல்லுங்க," என்றேன்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு மனத்திலேயே தைக்க ஆரம்பித்தார். காலருக்குள் வைக்கும் கேன்வாஸை எப்படி வெட்டுவது, தோள்பட்டையில் எவ்வளவு துணி விடுவது என்று சொல்லிக்கொண்டே போனார். பாக்கெட்டுக்கு வரும்போது பழைய கட்டு முழுவதும் வந்திருக்கும். கஃப் மடிக்கும்போது மருந்து. நடுவில் "ஐயோ, எரியுதே" என்று வந்துவிட்டால் நான் "பிரிங்க" என்பேன். மறுபடி காலரிலிருந்து தொடங்க வேண்டும்.

"நாத்தனார் புத்தியைக் காட்டுறா பாருங்க சிஸ்டர்," என்று அண்ணி அழுதுகொண்டே சிரிப்பார்.

அந்த விதியைப் போட்டது நான்தான். என்னைப் பிரிக்க வைத்தவரைப் பிரிக்க வைப்பதில் எனக்கு ஒரு குஷி இருந்தது.

ஆறாவது முறை போனபோது வழக்கமான சிஸ்டர் விடுப்பு. புதிதாக வந்த பெண் கட்டுப் போட்டார். அன்று அண்ணி ஒருமுறைகூட மாட்டவில்லை. கடைசிப் பொத்தானுக்கு வந்துவிட்டார். துணியைச் சுற்றி முடிச்சுப் போடும் நேரத்தில், "சுட்டுவிரல் என்னமோ மாதிரி இருக்குடி. மரத்துப் போற மாதிரி," என்றார்.

"பிரிங்க அண்ணி," என்றேன்.

"அடிப்பாவி! கடைசிப் பொத்தான்லயா பிடிப்ப?" என்று சிரித்துவிட்டு மறுபடி காலரில் தொடங்கினார். அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தார்.

கட்டுக்கு வெளியே தெரிந்த நகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் பார்த்தேன். கேட்கலாமா என்று நினைத்தேன். வெள்ளை உடுப்புப் போட்டவரிடம் என்னவென்று கேட்பது? வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் விரல் நீலம் பாரித்துக் குளிர்ந்து கிடந்தது. மருத்துவமனைக்கு ஓடிப்போய், இறுகியிருந்த கட்டை அவிழ்க்க வைத்தோம். விரல் பிழைத்தது, ஆனால் வளைந்தே நின்றுவிட்டது. உணர்ச்சி திரும்பவில்லை. பிறகு ஒருமுறை தைக்க உட்கார்ந்தபோது ஊசி அந்த விரலில் இறங்கியது. துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் அண்ணிக்குத் தெரிந்தது.

அண்ணன் அந்தப் புதுப் பெண்ணிடம் போய்ச் சண்டை போட்டார். "வலிக்குதுன்னு யாருமே சொல்லலையே சார்," என்று அந்தப் பெண் அழுதார். நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

நான்கு மாதம் கழித்து, விரலை நிமிர்த்த ஒரு சிறு அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். கை மரத்துப்போக உள்ளங்கையில் ஊசி போடுவார்கள், முழு மயக்கம் தரமாட்டார்கள். முந்தின நாள், பொத்தான் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு நான் பிரிங்கன்னு சொன்னேன் அண்ணி."

"சொன்ன. எனக்கென்ன மறதியா?"

"நகம் வெளுத்திருந்ததையும் பார்த்தேன்."

இது அவருக்குத் தெரியாது. கத்தரியை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். 

"நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்டி. உன்னை நம்பி," என்றார்.

திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் தேவலை.

விளக்கை அணைக்கும்போது, "நாளைக்கு நீதான் உள்ள வரணும். உங்க அண்ணனைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்," என்றார்.

மறுநாள் அறுவை சிகிச்சை மேசையில் கையை நீட்டியதும் அண்ணி அவராகவே காலரில் தொடங்கினார். நான் விதியைப் பற்றிப் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஊசிக்கு, "வலிக்குது," என்றார்.

"நிறுத்துங்க!"

அறையே திரும்பிப் பார்த்தது. அது என் குரல் என்று எனக்கே நம்பமுடியவில்லை. டாக்டர் கையை எடுத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"ஊசி வலிதாம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல," என்றார்.

"ஊமைக்கோட்டான் பேசிடுச்சு, பார்த்தீங்களா?" என்றார் அண்ணி. யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கும் இந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

அண்ணி பாக்கெட்டிலிருந்து தொடர்ந்தார். நான் பிரிக்கச் சொல்லவில்லை.