கார்டு வள்ளி

வேங்கிக்காலில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் ஏழு பேர் அமெரிக்கப் புட்பால் பார்த்துப் பிழைத்தார்கள். பேர்தான் புட்பால், பந்தை உதைப்பதைவிடக் கையால் எறிவதும் ஆளோடு ஆள் மோதுவதும்தான் அதில் ஜாஸ்தி. நடந்து முடிந்த ஆட்டங்களின் வீடியோ அங்கிருந்து வரும். ஆளுக்கு ஒரு பொசிஷனைப் பிரித்துக்கொண்டு, அந்த இடத்தில் நிற்பவன் எப்போது அசைந்தான், யாரைத் தடுத்தான், எங்கே விழுந்தான் என்று கம்ப்யூட்டரில் குறித்து அனுப்ப வேண்டும்.

நாளடைவில் அவரவர் பார்க்கும் பொசிஷனே அவரவர் பேராகிவிட்டது. பந்தை எறிகிறவனைப் பார்க்கும் பாலாஜி 'கியூபி'. உதைக்கிறவனைப் பார்க்கும் வல்லரசு 'கிக்கர்'. நடுவில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் தருகிறவனைப் பார்க்கும் சகாதேவன் 'சென்டர்'. சென்டரின் பக்கத்தில் நின்று எதிராளியை முட்டித் தள்ளுகிறவன் கார்டு. அவனைப் பார்த்தது சகாதேவனின் மனைவி வள்ளி. "கார்டு டீ குடிக்கப் போயிருக்கு", "சென்டருக்கு வயித்துவலி, லீவு" என்றெல்லாம் பேசினால் அங்கே யாரும் சிரிப்பதில்லை.

சகாதேவன் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது ரமணாசிரமம் பக்கத்தில். செங்கம் ரோட்டு ஓட்டல் ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தார். மௌனம் இருக்க வந்த ஓர் அமெரிக்கர் மூன்று வாரம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, நாலாவது வாரம் உப்புக் குப்பியையும் வாழைப்பழங்களையும் மேஜைமேல் அடுக்கி ஆட்டத்தை விளக்க ஆரம்பித்துவிட்டார். உட்கார்ந்து கேட்டது சகாதேவன் ஒருவர்தான். அந்த அறிவில் கிடைத்த வேலை இது. நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக நாலு பேர் சந்தேகம் கேட்கும் ஆளாகிவிட்டதில், மனுஷனுக்குக் கால் தரையில் படவில்லை.

வள்ளிக்கு அந்த வேலை வேறு மாதிரி. பி.ஏ. முடித்துவிட்டு, சகாதேவனின் அண்ணன் வீட்டுக் கூட்டுக் குடும்பத்தில் பதினாறு வருஷம் ஆக்கிப் போட்டவள். தான் படித்தவள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. இங்கே அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. டீக்காரர் 'மேடம்' என்று கூப்பிட்டார். வேலை போனால் மறுநாளே பழைய கதைதான் என்று அவளுக்குத் தெரியும். "அந்த வூட்டு அடுப்பாண்ட மறுபடி என்ன நிக்க வெச்சிடாதீங்க" என்று புருஷனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார்.

ஆடி மாசம் முடிந்ததும் ஏழு நாற்காலியில் ஒன்று போகப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. அந்த வாரமே மேனேஜர் அருண்பிரசாத் சகாதேவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"அண்ணா, ஒரு ரிப்போர்ட் வேணும். எந்தப் பொசிஷன் முக்கியம், எது கம்மி, எது இல்லாட்டியும் ஓட்டிக்கலாம்னு வரிசையா எழுதிக் குடுங்க. ஒங்கள விட்டா யாருக்குத் தெரியும்?"

"எழுதிட்டாப் போச்சு சார்."

எந்தப் பொசிஷன், ஆட்டத்திலா ஆபீசிலா என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொசிஷன் என்றால் அவருக்கு அமெரிக்காவில் புல்தரையில் நிற்பது மட்டும்தான். அதுவும் 'ஒங்கள விட்டா' என்று சொன்ன பிறகு எவன் கேள்வி கேட்பான்?

இடத்துக்கு வந்து பேப்பரை எடுத்தார். பக்கத்து நாற்காலியிலிருந்து வள்ளி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா எழுதறீங்க?"

"ஆட்டத்தப் பத்தி. ஒனக்குப் புரியாது."

ஆட்டம் என்றால் தனக்கென்ன என்று அவளும் திரும்பிக்கொண்டாள்.

முதலிடம் கியூபிக்கு. இவன் போனால் டீமே போச்சு என்று எழுதினார். அதில் தப்பில்லை. இரண்டாவது இடத்தில் சென்டரை வைத்தார். அமெரிக்காவில் எவனும் அங்கே வைக்க மாட்டான். சொந்தப் பொசிஷன் பாருங்கள், கை தானாக எழுதிவிட்டது. கடைசி இடம் கிக்கருக்கா கார்டுக்கா என்று நிறைய நேரம் யோசித்தார். கிக்கர் கடைசி நிமிஷத்தில் ஒரே உதையில் ஜெயித்துக் கொடுப்பான். ஆகவே கார்டைக் கீழே இறக்கினார். 'மாடு மாதிரி உழைத்தால் போதும், மூளைக்கு வேலையில்லை. போனாலும் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் சென்டரே சமாளித்துக்கொள்வான்.' எழுதி முடித்து, அந்த வரியைத் தானே ரசித்து இரண்டு தடவை படித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அருண்பிரசாத் எல்லோரையும் நிற்க வைத்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தான். "சீனியரே எழுதிட்டாரு. நான் இன்னா சொல்ல? சாரி மேடம்" என்று வள்ளியைப் பார்த்துச் சொன்னான். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துவிட்டது.

"சார், சார், அது ஆட்டத்துல இருக்கற கார்டு சார்!" என்று பதறினார் சகாதேவன்.

யாரோ சிரித்தார்கள். அருண்பிரசாத் சிரிக்கவில்லை. பேனாவை நீட்டினான்.

"சரிண்ணா. கார்டு இருக்கட்டும். மாத்தி எழுதிடுங்க. ஆனா ஒண்ணு போயே ஆவணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சகாதேவன் பேனாவை வாங்கிக்கொண்டார். வல்லரசு தலையைக் குனிந்துகொண்டான். பாலாஜி சுவரைப் பார்த்தான். இன்னொருத்தர் சோற்றில் மண்ணைப் போடாமல் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருந்தது, சென்டர். அதைச் சொல்லும் உரிமை அங்கே சகாதேவனுக்கு மட்டும்தான். வள்ளி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஓட்டல் கல்லா ஞாபகத்துக்கு வந்தது. பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"ஆட்டத்துல கார்டு நெஜமாவே அப்படித்தான் சார்" என்றார்.

வள்ளி சாப்பாட்டுப் பையை எடுத்தாள். "இவ்ளோ யோசிச்சி இதான் வந்துச்சா ஒங்களுக்கு?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. "நான் வரேன் சார். வூட்ல ஒல வைக்கணும்" என்று அருண்பிரசாத்திடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மத்தியானத்துக்குள் கார்டின் வீடியோக்கள் எல்லாம் சகாதேவனின் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தன. அவர் வள்ளி நாற்காலியில் கிடந்த குஷனை எடுத்துத் தன் நாற்காலியில் போட்டுக்கொண்டு, குறிக்க ஆரம்பித்தார்.