நூற்றுக்கு நூற்றிருபது

ஃபிளெக்ஸிபிள் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். ரவாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை அலுவலகத்தில் யாராவது வேலை நேரத்தைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னால்கூட எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அதை ஏழு பெண்களுக்கு நம்பிக்கையோடு தமிழில் விளக்கிச் சொன்னவள் நான்தான். கோல சிலாங்கூரில் அம்மா வீட்டு ஹாலில், முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"எப்ப வேணும்னாலும் கேன்சல் பண்ணலாம். எப்ப வேணும்னாலும் தேதி மாத்தலாம். தவணை தவணையா கட்டலாம். ஒரு காசு போகாது."

"நெசமாவா லா?" என்றார் ஒருவர்.

"எழுதியே குடுத்திருக்கானுங்க," என்றேன்.

எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். பொடி எழுத்தில், பதினாறு பக்கம். நான் முதல் பக்கத்தைப் படித்திருந்தேன்.

அம்மாவையும் சேர்த்து அந்த ஏழு பேரும் ஒரே எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி, முதுகில் டின் கட்டிக் களைக்கு மருந்தடித்து, இடுப்பும் நுரையீரலும் போனபிறகு வெளியே வந்தவர்கள். எஸ்டேட் லயத்து வீடுகளை இடித்தபோது பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஆளுக்கொரு மலிவு வீடு கிடைத்தது. அங்கேயும் மாதாமாதம் கூத்து போட்டார்கள். கூத்து என்றால் எங்கள் பக்கம் சீட்டு. அந்த வருடம் கூத்துப் பணத்தை யாரும் தனியாக எடுக்க வேண்டாம், எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை கப்பலில் போய்விட்டு வருவோம் என்று முடிவெடுத்தார்கள். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, மூன்று இரவு கடலைச் சுற்றிவிட்டு, அதே துறைமுகத்தில் இறக்கிவிடும் உல்லாசக் கப்பல். ஆங்கிலம் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எட்டுப் பேர், நாலு அறை.

பணத்தை அவர்கள் என் கையில் கொடுத்தார்கள். நான் என் கடன் அட்டையில் கட்டினேன். அதற்கு எனக்குப் புள்ளிகள் வேறு சேர்ந்தன. கப்பல் கம்பெனியில் எட்டுப் பேருக்கும் மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். அவர்களுக்கு ஏது மின்னஞ்சல்? வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பத் தெரியும், அவ்வளவுதான். எட்டு இடத்திலும் என் முகவரியையே போட்டேன். யாரும் கேட்கவில்லை. எஸ்டேட் ஆபீசில் கிராணி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தே பழகியவர்கள். கூலிக் கணக்கு எழுதிய அந்தக் கிராணியைப் பற்றி அம்மா இன்றுவரை நல்ல வார்த்தை ஒன்று சொன்னதில்லை. இப்போது அவர்களுக்குக் கிராணி நான்.

கடைசித் தவணைக்கு முன்னால் கம்பெனிக்காரன் துறைமுகக் கட்டணம், டிப்ஸ் என்று ஆளுக்கு நானூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், கூட்டினான். டிப்ஸ் என்பது மனம் வந்து கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே சோறு போடுவதற்கு முன்பே பிடுங்கிக்கொள்கிறார்கள். கூத்துப் பணம் பற்றவில்லை. ஒரு வாரத்தில் ஏழு பேரும் எங்கிருந்தோ புரட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். எங்கிருந்து என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் கப்பல் புறப்பட வேண்டும். அதே மார்ச்சில் தொற்றுக்குப் பயந்து நாட்டையே அடைத்தார்கள். நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூருக்குப் போக முடியாமல் நான் என் ஃபிளாட்டில் கிடந்தேன். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. மேலே சூரிய உதயப் படம், கீழே உங்கள் நலனே எங்கள் முதல் அக்கறை என்று நாலு பத்தி. உலகமே மூக்கை மூடிக்கொண்டு செத்துக்கொண்டிருக்கும்போது அவன் சூரிய உதயம் அனுப்புகிறான். அதற்கும் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வரும். மற்றதை அழுத்தினால் பணத்துக்குப் பதில் கிரெடிட், அதுவும் நூற்றுக்கு நூற்றிருபது. பிறகு எப்போது போனாலும் அதில் கழித்துக்கொள்ளலாம். முடிவு சொல்ல இரண்டு வாரம் அவகாசம்.

எனக்கு நாலு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. வங்கிக்காரன் நூற்றுக்கு மூன்று தர மூக்கால் அழுகிறான், இவன் சும்மா இருபது தருகிறான் என்று கணக்குப் போட்டேன். இந்த இருபதை வைத்துப் பால்கனி உள்ள அறையாகப் பிடித்துவிட்டு, அம்மாவிடமும் மற்றவர்களிடமும் பெருமையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஏழு பேரில் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. எட்டுப் பேருக்கும் இரண்டாவது பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து காப்பி கலக்கினேன். அன்று காப்பி ருசித்தது என்பதும் நினைவிருக்கிறது.

பத்து நாள் கழித்துச் சின்னம்மா குரல் பதிவு அனுப்பினார். இரத்த சொந்தம் இல்லை. லயத்தில் எங்கள் அடுத்த வீடு, அதனால் சின்னம்மா. எஸ்டேட்டை விட்டபிறகு ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங்கில் ஒரு கடலுணவுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். கடையை மூடிவிட்டார்கள்.

"பாப்பா, கப்பல் காசு திரும்பத் தராங்களாம்மா? உங்கம்மாகிட்ட சொல்லாத. அந்த நானூறு வெள்ளிக்கும் வீட்டுச் செலவுக்கும் சேத்து நான் தாலிக் கொடிய பஜாக் கடையில அறுநூறுக்கு அடகு வச்சிட்டேன். மஞ்சக் கயித்துல கோத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன். உங்க சித்தப்பாவுக்குத் தெரியாது. வட்டி கட்ட வழியில்லம்மா. கப்பல் வேணாம், என் காசு மட்டும் வந்தாப் போதும். மீட்டுருவேன்."

பின்னால் சேவல் கூவியது. அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டேன். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டேன். ஐம்பது நிமிடம் ஒரே பியானோவைக் கேட்கவைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். கேட்கவே கூசும் அளவுக்குப் பணிவு. நீங்கள் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், இனி மாற்ற முடியாது என்றாள். இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லையே என்றேன். அழுத்தும் வரைக்கும்தான் இரண்டு வாரம், அழுத்திய பிறகு இல்லை, அது பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது என்றாள். ஒருத்திக்கு மட்டும் மாற்றிக் கொடு என்று கெஞ்சினேன். எட்டும் ஒரே முகவரி, ஒரே அட்டை, பிரிக்க முடியாது என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

அப்போது எனக்கு ஒரு வழி இருந்தது. சின்னம்மா பஜாக் கடையில் வாங்கியிருந்தது அறுநூறு வெள்ளி. வீட்டில் இருந்தே வேலை பார்த்தாலும் என் சம்பளம் நிற்கவில்லை. என் போனிலிருந்து அறுநூறை அனுப்பியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் சின்னம்மாவுக்கு மட்டும் எப்படி வந்தது என்று மற்றவர்கள் கேட்பார்கள். பொத்தான் விஷயம் வெளியே வரும். பணம் திரும்பக் கிடைத்திருக்கும், நான்தான் வேண்டாம் என்றேன் என்று ஏழு பேர் முன்னால் சொல்ல வேண்டும். என் மூஞ்சிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. போனை எடுத்து, குரலைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்துக்கொண்டு பேசினேன்.

"சண்ட போட்டுப் பாத்துட்டேன் சின்னம்மா. காசா தரவே மாட்டானுங்களாம். கிரெடிட்தான் தருவானுங்களாம். திருட்டுப் பசங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். என்னிடம் ஆயிரம் அயோக்கியத்தனம் செய்த அந்தக் கம்பெனி, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்ற அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யோக்கியமாக இருந்தது. அதில்தான் அதை நான் மாட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தார். ஏழு பேரும் வாட்ஸ்அப்பில் கம்பெனியை மண் வாரித் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் கப்பல் கவிழ, அவன் குடி விளங்காமல் போக. நானும் நாலு வசவு சேர்த்துக்கொண்டேன். என் வசவுதான் எல்லாவற்றையும்விடக் காரம்.

அடைப்பு நீண்டது. திறந்தார்கள், மறுபடி அடைத்தார்கள். சின்னம்மா அந்தக் கொடியின் மேலேயே சாப்பாட்டுக்கென்று இன்னும் கொஞ்சம் வாங்கினார். வாங்க வாங்க வட்டி ஏறியது. அடுத்த வருடம், கஷ்டப்படுகிறவர்கள் வீட்டு முன்னால் வெள்ளைத் துணி கட்டச் சொன்ன நாட்களில், சின்னம்மா வீட்டு கேட்டிலும் ஒரு பழைய தலையணை உறை தொங்குகிறது என்று அம்மா சொன்னார். நான் பத்துக் கிலோ அரிசியும் ஒரு டின் மைலோவும் அனுப்பினேன். சின்னம்மா அழுதுகொண்டே நன்றி சொல்லிப் பதிவு போட்டார். அதை முழுதாகக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். அன்றைக்காவது அந்தப் பணத்தை அனுப்பியிருக்கலாம். அரிசி அனுப்பத் தெரிந்த கைதானே.

அதற்கு இரண்டு மாதம் கழித்துக் கொடி லெலோங்கில் போய்விட்டது. பஜாக் கடைக்காரன் ஏலம் போட்டுவிட்டான். தாலிப் பொட்டை மட்டும் சின்னம்மா முதலிலேயே கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்திருந்ததால் அது தப்பியது. விஷயம் சித்தப்பாவுக்குத் தெரிந்தது. கப்பல் ஏறத் தாலியை வித்தவ என்று தாமான் முழுவதும் கேட்கும்படி வாசலில் நின்று கத்தினார். அம்மா அதை எனக்குப் போனில் சொன்னபோது, பெரிய மனுஷி போல நான் சித்தப்பாவைத் திட்டினேன்.

கம்பெனி கிரெடிட்டின் காலாவதித் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தது. ஒவ்வொரு முறையும் சூரிய உதயம் வந்தது. கடைசியாகக் கப்பல் ஓட ஆரம்பித்தபோது கம்பெனியின் இணையதளத்துக்குள் போய்ப் பார்த்தேன். அதே அறை, அதே மூன்று இரவு, விலை மட்டும் பழைய மாதிரி இல்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கட்டாயக் காப்புறுதி. ஏறுமுன் பரிசோதனை, அதற்கும் காசு. துறைமுகக் கட்டணத்தையும் டிப்ஸையும் கிரெடிட்டில் கழிக்க முடியாதாம். எனக்கு அள்ளித் தந்த அந்த இருபதை அவன் நோகாமல் திரும்ப எடுத்துக்கொண்டான். பால்கனி இல்லை, சன்னல்கூட இல்லாத அறைதான் கிடைத்தது. கூடுதலாகக் கட்ட வேண்டியதை நான் கட்டினேன். அந்தக் காசு அறுநூறு வெள்ளியைவிட அதிகம். அதற்கும் அம்மாவும் மற்றவர்களும் என்னை வாழ்த்தினார்கள்.

சின்னம்மா வரவில்லை என்றார். அவருடைய இடத்தை வேறு யாருக்கும் மாற்றித் தரவும் மாட்டார்களாம். அம்மாதான் பிடித்து இழுத்து வந்தார்.

"காசும் போச்சு, கொடியும் போச்சு, ஒன் எடத்த அவனுக்குச் சும்மா விட்டுக் குடுக்கப் போறியா? வா லா."

ஏறிய அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். பதினோராவது மாடி. முப்பது நாற்பது வகைச் சாப்பாடு. ஒருவன் நண்டின் ஒரு காலை மட்டும் உடைத்து உறிஞ்சிவிட்டு மீதியைத் தள்ளிவைக்கிறான். பாதி தின்ற தட்டுகள் மலையாகப் போய்க்கொண்டிருந்தன. வெண்ணெய் நாற்றமும் கை கழுவும் திரவ நாற்றமும் கலந்து வீசின. நான் ஒரு கிண்ணத்தில் தர்பூசணி மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சின்னம்மா எதிரில் உட்கார்ந்தார். தட்டு நிறைய இறால். அதை முடித்துவிட்டு எழுந்து போய் மறுபடி ஒரு தட்டு கொண்டுவந்தார். கழுத்தில் புதுசாக மஞ்சள் பூசிய கயிறு, ஜாக்கெட்டுக்குள் தள்ளியிருந்தார். பதினோரு வருடம் அடுத்தவன் மிச்சம் வைத்த இறால் ஓட்டைச் சுரண்டிக் கொட்டிய விரல்கள், பார்க்காமலே ஓட்டை உரித்தன. சின்னம்மாவுக்கு இறால் பிடிக்காது. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

"எதுக்குடி இப்படித் திங்கிற? வயித்துக்கு ஆவாது," என்றார் அம்மா.

"இருக்கட்டும். என் கொடியத் தின்னவனுங்க சோறு. விட்டுட்டுப் போவேனா நான்?" என்றார் சின்னம்மா. கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை.

மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். இந்தக் கூடத்தில் அருவருப்பான பொருள் எது என்று யாராவது கேட்டால், தர்பூசணிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைத்தான் காட்டியிருப்பேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. கிண்ணத்தை நகர்த்திவைத்தேன்.

"சின்னம்மா," என்றேன்.

"நீ ஏன் பாப்பா ஒண்ணும் திங்கல?" என்றார் அவர். "எங்களுக்காக அவனுங்ககிட்ட எவ்ளோ சண்ட போட்ட. ஒன்னையும்தான ஏமாத்திப்புட்டானுங்க."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சின்னம்மா உரித்த இறாலை அதில் வைத்தார். நான் மென்று விழுங்கினேன்.