கால் குறைத்த மேஜை

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு, கொத்தனார் மட்டம் பார்க்கிற கருவியை வைத்து, ரசமட்டம் என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் அதை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். பகலெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டதும் பின்னறைக்குள் புகுந்துவிடுவார். அந்த அறைக்குப் பட்டறை என்று அவரே பெயர் வைத்தார்.

பட்டறையில் என்ன செய்தார் என்கிறீர்களா? பட்டறைக்கு வேண்டியதைச் செய்தார். உளிகள் வைக்க அலமாரி, ஆணிகளைப் பிரித்துப் போட்ட பாட்டில்களுக்கு ஒரு தட்டு, தட்டு நிற்க ஒரு சட்டம். சுவரில் பெரிய பலகை அடித்து, ரம்பமும் சுத்தியலும் தொங்குகிற இடத்தில் அதனதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்தார். எனக்குக் குதிகால் வலி. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அடுப்படியிலும் நிற்கிறேனே, உட்கார ஒரு ஸ்டூல் செய்து கொடுங்கள் என்று கேட்டேன். முதலில் இடத்தை ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன் என்றார். அந்த ஒழுங்கு முடிகிற வழியாக இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

கடைசியாக ஆள் நீளத்துக்கு ஒரு வேலைமேஜை செய்தார். அதற்கே ஒரு வருஷம் ஆனது. டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அதன் மேல் வைத்து, மேஜையை அசைத்துக் காட்டினார். சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதன் மேல் வேலை மட்டும் எதுவும் செய்யவில்லை, கீறல் விழுந்துவிடுமாம்.

அப்போதுதான் மகள் ஒரு பையோடு வந்து நின்றாள். புருஷன் வீட்டில் இனி இருக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். கழுத்தோரம் கன்றிப் போயிருந்தது, நாங்களும் துருவிக் கேட்கவில்லை. கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். பையிலிருந்து துணிகளை வெளியே எடுக்கவே இல்லை. நாலு நாளில் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இவளுக்கு வேறு இடம் ஏது? திரும்ப அங்கேயே போய்விடுவாளோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து கூடத்தைப் பார்த்தேன். பின்னறையை ஒழித்துக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை. ஒரு ஸ்டூலுக்கே வழியில்லாத இடத்தில் என்னத்தைக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரம்பச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மேஜையைக் கவிழ்த்துப் போட்டு அதன் கால்களைப் பாதியில் அறுத்துக்கொண்டிருந்தார். சுவர்ப் பலகையில் வெறும் உருவங்கள்தான் இருந்தன. சாமான்களை எல்லாம் ஒரு சாக்கில் கண்டபடி திணித்திருந்தார். அந்த மனுஷனா இது என்று நின்றுவிட்டேன். மத்தியானத்துக்குள் மேஜை கட்டிலாகிவிட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் மெத்தையைப் போட்டார்.

மகள் அறை வாசலிலேயே நின்றாள். "ஏம்பா இப்படிப் பண்ணீங்க? நான் போனதும் உங்களுக்கு மேஜை வேணுமில்ல?"

அவர் மரத்தூளைக் கூட்டிக்கொண்டே சொன்னார். "அறுத்த காலை ஒட்ட முடியாதும்மா. இனிமே அது கட்டில்தான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு பையைத் திறந்து, ரம்பத்தின் உருவம் வரைந்திருந்த இடத்து ஆணியில் தன் துண்டை மாட்டினாள்.

அறுத்த கால் துண்டுகள் மூலையில் கிடந்தன. என் ஸ்டூலுக்காம். எப்போது என்று நான் கேட்கவில்லை. போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டில் கொஞ்சமும் ஆடவில்லை.