ஓனர் மாடியில் இறால் தோடு

போன வருடம் கடற்கரை ஊரிலிருந்து வந்து குலசேகரத்தில் குடியிருந்தபோது, ஆராய்ச்சிக்காக மொட்டை மாடியில் இறால் தோடு, அதாவது உரித்துப்போட்ட இறால் ஓடு, காயப்போட்டேன். வீட்டு ஓனர் அன்றைக்கே காலிசெய்யச் சொல்லிவிட்டார்.

"கடப்புறத்துப் பழக்கத்த இங்க கொண்டு வராத பிள்ளே. நாத்தம் சகிக்கல்ல!"

அதே மனிதர் இன்று காலை எங்கள் ஆய்வகத்தில் வந்து நின்றார். கையில் கருகிப்போன நல்லமிளகு இலைகள்.

"பூஞ்சை பிடிச்சு கொடியெல்லாம் போவுது மோளே. உனக்க நானோ மருந்து கொஞ்சம் தா."

"தாறேன் சார். அது இறால் தோட்டுல உள்ள சத்த எடுத்து, கண்ணுக்கே தெரியாத பொடியாக்கிச் செய்யுறது. ஒரு சாக்கு தோடு வாங்கி, உங்க மாடியில ரெண்டு நாள் காயப்போட்டுக் கொண்டு வாங்க."

சாயங்காலம் அவர் மனைவி போனில் கத்தினார்.

"இது என்ன மருந்து பிள்ளே? அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாம் சண்டைக்கு வந்தாச்சு. அந்த மனுசனையும் மாடியிலேயே கிடக்கச் சொல்லிட்டேன்!"

அவர் கொடிகளுக்குப் போதுமான மருந்து, ஒரு கேன் நிறைய, காலையில் அவர் நின்ற மேசைக்குப் பின்னாலேயே தயாராக இருந்தது. நாளைக்குக் கொடுத்துவிடலாமா, இல்லை இன்னும் ஒரு நாள் காயட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.