மழை நாளுக்கு என்ன சேர்த்து வைத்தீர்கள்?

திருச்சுழிப் பக்கத்தில் ஒரு பெண்கள் விவசாயக் குழுவுக்கு வரவேண்டிய டிராக்டரை என் வாயாலேயே கெடுக்கப் பார்த்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. வெளியூர் அதிகாரிகளின் இங்கிலீஷைத் தமிழிலும், நம் ஆட்களின் பேச்சை இங்கிலீஷிலும் சொல்வேன். இங்கிலீஷ் மரபுத்தொடர்கள் எனக்கு மனப்பாடம். அந்த மிதப்பு கொஞ்சநஞ்சமில்லை.

குழுவுக்கு டிராக்டர் கொடுக்கலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், “டூ தே சேவ் ஃபார் எ ரெய்னி டே?” என்று கேட்டார். கஷ்டகாலத்துக்கு எடுத்து வைக்கிறார்களா என்று அர்த்தம். எனக்குத் தெரியாததா? ஆனாலும் அந்தத் தொடரின் அழகை விட மனசில்லை.

“மழை நாளுக்குன்னு ஏதாச்சும் சேத்து வைக்கிறீகளான்னு சார் கேக்குறாரு” என்றேன்.

கூட்டம் சிரித்தது. குழுத் தலைவி ராக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“மழை நாளுல எவ தாயி சேத்து வைப்பா? அன்னைக்குத்தான வெதை, உரம்னு இருக்குறதையெல்லாம் காட்டுல கொட்டுவோம்” என்றார்.

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். இதை அப்படியே சொன்னால், கஷ்டகாலத்தில் இருப்பதையும் வாரி இறைக்கிறவர்கள் என்று எழுதிக்கொள்வார். நானே நல்லதாக ஒரு பதிலைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, வாய் வரவில்லை.

“தப்பு என்னுது சார்” என்று இங்கிலீஷில் சொல்லி, இங்கே மழை என்பது கஷ்டமில்லை என்று விளக்கினேன். ராக்கம்மாளிடமும் கேள்வியை ஒழுங்காகக் கேட்டேன்.

“அப்படிக் கேளு. வீட்டுக்கு ஒரு மூட்டை தானியம் தவசம் தொடாம வச்சிருக்கோம். ஆனா எங்க கஷ்டமே மழைக்கு மறுநாத்தான். ஈரம் காயுறதுக்குள்ள வெதைக்கணும். ஊரே ஒரே நாளுல கூப்பிட்டா, காரியாபட்டி டிராக்டர்க்காரரு யாருக்குன்னு வருவாரு? போன வருசம் அவுக வந்து சேரையில மண்ணு கட்டியாப் போச்சு.”

ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதிகாரி இரண்டு பக்கம் எழுதினார். அதுவரை டிராக்டர் எதற்கு என்று யாரும் அவரிடம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை, நான் எழுதிய விண்ணப்பம் உட்பட. புரட்டாசி பிறக்குமுன் டிராக்டர் வந்துவிட்டது.

ஒரு தொடருக்கு அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது. கேட்கிறவர் வாழ்க்கையில் அது என்னவாகப் போய் விழும் என்றும் பார்க்க வேண்டும். பிசகினால், பூசி மெழுகாமல் அங்கேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசியில் முதல் பெரிய மழைக்கு மறுநாள் காலை ராக்கம்மாளுக்குப் போன் போட்டேன்.

“வெதைச்சுக்கிட்டு இருக்கோம் தாயி, போனை வையி” என்றார்.

மொழிபெயர்க்க அதில் ஒன்றுமில்லை. சந்தோஷமாக வைத்துவிட்டேன்.